அளந்து கொடுங்கள்: திருப்பாலைக்குடிப் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கூட்டுறவு, உணவுப்பொருள் வழங்கல், மீன்வளத் துறைகளுக்கும், பாக்கெட் பொருள் விற்கும் கம்பெனிகளுக்கும், திருப்பாலைக்குடியில் கடலை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள் எழுதுவது.

எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன்பாடு உள்ள நாளில் காசு, இல்லாத நாளில் கடன். அதனால் ஷாம்பு, சோப்புத்தூள், காப்பித்தூள் எல்லாமே சின்னப் பாக்கெட்டில்தான் வாங்குகிறோம். கடலூர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட் ஷாம்புக்கு வழி திறந்ததால்தான் அது ஏழை வீட்டுக்கும் வந்தது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் பல அடுக்கு ஒட்டிய அந்த உறையைக் காயலான் கடையில்கூட எடுப்பதில்லை. மழைத்தண்ணீரோடு கடலுக்குப் போய், மறுபடி எங்கள் வலையிலேயே ஏறுகிறது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாட்டிக்கொள்கிறவர் மளிகைக்கடைக்காரர். 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் குட்கா, புகையிலையை பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கக் கூடாது என்கின்றன. ஷாம்பு பாக்கெட்டுக்கு அந்தத் தடை இல்லை.

அதையும் தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மாற்று இல்லாத தடை எங்கள் தலையில்தான் விழும். ரேஷன் கடையில் ஷாம்புக்குப் பெரிய கேன் வைத்து, நாங்கள் கொண்டுவரும் பாட்டிலில் ஐந்து ரூபாய்க்கானாலும் அளந்து ஊற்றுங்கள். மண்ணெண்ணெயை அப்படித்தானே ஊற்றினீர்கள்? பாமாயிலையும் அப்படியே தாருங்கள். விலை பாக்கெட் விலையைத் தாண்டக் கூடாது. கிடக்கிற காலி உறைகளைக் கம்பெனிகள் கடை வழியாகக் காசு கொடுத்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பைக்குப் பதில் மஞ்சப்பை என்கிறீர்கள், நல்லதுதான். மீனுக்கு ஆகாது, தண்ணீர் சொட்டும். பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஊராட்சி வாங்கி, கார்டுக்கு ஒரு பெட்டி தரட்டும்.

ஊர்ப்பக்கமே உப்பளம், நாங்கள் வாங்குவதோ எங்கிருந்தோ வரும் பாக்கெட் உப்பு. அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்பது சரியே. ஆகவே இங்குள்ள சிறு உப்பளக்காரர்களுக்கு அயோடின் சேர்க்கும் பொது இயந்திரம் ஒன்று அமைத்து, அந்த உப்பை எங்கள் ரேஷன் கடைக்கே கொடுங்கள்.

குஞ்சு மீனை வாங்காதே என்கிறார்கள். சந்தையில் மலிவான கூறு அதுதான். கண்ணி சிறுத்த வலையையும் இரட்டைமடியையும் கடலிலேயே தடுங்கள். கூடையோடு நிற்கும் எங்களிடம் வந்து புத்தி சொல்ல வேண்டாம்.

அளந்து ஊற்றும் முதல் கடையை வாடைக்காற்று தொடங்கும் முன் திறக்க வேண்டும். வள்ளம் இறங்காத அந்த நாட்களில்தான் நாங்கள் ஒற்றைப் பாக்கெட்டுக்கும் கடன் சொல்கிறோம்.