மருந்தும் மொழியும்

நோய் தீர்க்கும் பொருளையும் வெடித்துச் சிதறும் பொருளையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது: மருந்து. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் மருந்து கலப்பவர் என்றால், பட்டாசு ஆலையின் கலவை அறையில் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கலப்பவர் என்றே பொருள். அவர் கையாளும் பொருளைப் பற்றிய அறிவு, அவர்தம் மொழியில் அவரைச் சென்றடைந்துள்ளதா என்பதே நம் வினா.

ஆற்றலைத் தன்னுள் அடக்கிவைக்கும் புதுப்பொருள்களை அறிவியல் உலகம் ஓயாது தேடி வருகிறது. 2004-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் மிகைல் எரமெட்ஸ் குழுவினர், இரு வைர முனைகளுக்கிடையே நைட்ரஜனை வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 11 லட்சம் மடங்கு அழுத்தி, 2000 கெல்வினுக்கு மேல் சூடேற்றினர். இரண்டிரண்டாகப் பிணைந்திருந்த அணுக்கள், ஒன்றோடொன்று பின்னிய திண்ம வலையாயின. அவ்வலை குலையுங்கால் பேராற்றல் வெளிப்படும். எஞ்சுவதோ நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜன் மட்டுமே. எனினும், அழுத்தம் தளர்ந்தால் அப்பொருள் நிலைகொள்வதில்லை. நம் நாட்டிலும் டிராம்பே, கல்பாக்கம் ஆய்வு மையங்களிலும், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் உயர் அழுத்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இவ்வாய்வில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. வைர முனைகளுக்கிடையே வைக்கப்படும் பொருள் மணற்குறுணையினும் சிறியது. அதன் இயல்பு முழுதும் அறியப்படுமுன் அளவு பெருகுவதில்லை. அறிவு முன்னே செல்கிறது. பொருள் பின்னே வருகிறது.

சிவகாசி வட்டாரத்தில் நடப்பதென்ன? 1923-இல் தீப்பெட்டித் தொழிலாகத் தொடங்கிப் பட்டாசாக வளர்ந்த இம்மண்ணிலும் புதுக்கலவைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்தது. 2019-இல் நாகபுரியின் நீரி நிறுவனம் புகை குறைந்த கலவைகளை உருவாக்கி, ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலைகளுக்கு வழங்கியது. பேரியம் நைட்ரேட்டுக்குத் தொழிலாளர் இட்டு வழங்கும் பெயர் பச்சை உப்பு. பச்சை உப்பு விலக்கப்பட்டது. பசுமைப் பட்டாசு வந்தது. இம்மாற்றத்தின் காரணத்தைக் கலவை அறையில் நிற்பவருக்கு எந்தத் தமிழில் எடுத்துரைத்தோம்?

'ஈரம் படக்கூடாது' என்பது கட்டளை. ஈரம் பட்டால் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவை, நெருப்பின்றியே தானாகச் சூடேறக்கூடும் என்பது அறிவு. கட்டளை அவசரத்தில் மறந்துபோகும். காரணம் அறிந்த கை தயங்கி நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்மக்கள். ஒன்று வெடித்தபின் அடுத்ததும் வெடிக்கும் என்பதை அவர்களுக்கு உரைத்திருக்க வேண்டியவர் யார்?

சொல்லால் விபத்து நின்றுவிடுமா என்று கேட்கலாம். நில்லாது. அளவுக்கு மீறிய ஆள்களும், உள்குத்தகையும், தீபாவளிக்கு முந்திய பரபரப்பும், எண்ணிக்கைக்குத் தரும் கூலியும் அவ்வறைகளில் உண்டாக்கும் அழுத்தம் வேறு. அதற்கு மருந்து சட்டத்தின் கையில் உள்ளது. ஆயினும், ஆபத்து இன்னதென்று பெயர் சொல்லத் தெரிந்தவரே 'இக்கலவையை இப்போது தொடமாட்டேன்' என்று மறுக்கவும் கூடும்.

ஆகவே, இப்பணியில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு. கலைச்சொல் ஆக்கம் என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தூய சொல்லைத் தேடுவதோடு முடிவதன்று. வெடியுப்பு, பச்சை உப்பு, மணிமருந்து, திரி என ஆலைக்குள் வாழும் சொற்களை முதலில் திரட்ட வேண்டும். வேதியியல் துறையினர் துணையுடன் ஒவ்வொன்றின் இயல்பையும் ஆபத்தையும் இரண்டு வரிகளில் எழுத வேண்டும். எழுதியதைத் தொழிலாளரிடமே படித்துக் காட்டித் திருத்த வேண்டும். நம் மாணவருள் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பின், இப்பணியில் அவர்களே நமக்கு ஆசிரியர்கள். ஆய்வேட்டுத் தலைப்பு தேடி அலையும் மாணவர்க்கு இதனினும் பயனுள்ள தலைப்பு வேறு யாது?