உடன்படிக்கை அங்கே, உயிர்ப்பலி இங்கே!

“உலகச் சண்டையைப் பற்றி உங்களுக்கென்ன பேச்சு? ஊர்ச் சாக்கடையைப் பற்றிப் பேசுங்கள்!” என்று நம் மேடைகளைப் பார்த்து ஏளனம் செய்வோர் உண்டு. ஊர்ச் சாக்கடையைப் பற்றியும் பேசுவோம், பேசத்தான் வேண்டும். ஆனால், தோழர்களே, உலகச் சண்டை நம்மிடம் உத்தரவு கேட்டுக்கொண்டா ஊருக்குள் நுழைகிறது? சிதம்பரத்தைக் கேளுங்கள், கடலூரைக் கேளுங்கள்!

1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசினர் மக்கள். யாருடைய தேயிலை? கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. ஆம், நம் கழுத்தில் நுகத்தடி பூட்டிய அதே கம்பெனி! அந்தக் கிளர்ச்சி விடுதலைப் போராக வளர்ந்தது. 1778-இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. சேர்ந்த அதே ஆண்டில், இங்கே புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தனர் ஆங்கிலேயர். மறு ஆண்டு மாகியும் வீழ்ந்தது. தீ அங்கே, புகை இங்கே!

1780-இல் மைசூர் ஐதர் அலி ஆர்க்காட்டுச் சீமைக்குள் படையுடன் புகுந்தார். தில்லைக் கோயிலின் மதில் கோட்டை மதிலாயிற்று. உள்ளே ஐதரின் வீரர்கள், வெளியே ஆங்கிலத் தளபதி அயர் கூட். 1781 ஜூன் 18-இல் தாக்கிய கூட், தோற்றுத் திரும்பினார். ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார். வெற்றியும் தோல்வியும் தளபதிகளுக்கு. வெந்த வயல் யாருக்கு? உழவனுக்கு! பஞ்சம் பரவியது. பசித்து வந்தோருக்குக் கஞ்சி ஊற்றவே 1782-இல் சென்னையில் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. அரண்மனைகள் தொடுத்த போருக்குக் கஞ்சித்தொட்டியே சாட்சி!

அதே 1782-இல் பரங்கிப்பேட்டையில் இறங்கிய பிரெஞ்சுப் படை, ஏப்ரலில் கடலூரைக் கைப்பற்றியது. அதை மீட்க 1783 ஜூனில் வந்து நின்றார் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட். எதிரே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13-இல் நடந்த கடும்போரில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் மாண்டோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். 20-ஆம் நாள் கடலில் ஹியூஸின் கப்பல்களும் சுஃப்ரேனின் கப்பல்களும் மோதின. 25-ஆம் நாள் பிரெஞ்சார் வெளியே பாய்ந்து தாக்கினர், மீண்டும் பிணங்கள். இரு கொடிகளின் கீழும் நின்றவர்களில் இந்நாட்டுச் சிப்பாய்கள் ஏராளம்!

எதற்காக இந்தச் சாவு? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், தோழர்களே! பிரான்சும் இங்கிலாந்தும் அமைதிக்கான முதற்கட்ட உடன்பாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 20-ஆம் நாளே வெர்சேயில் கையெழுத்திட்டுவிட்டன! எழுதிய மை காய்ந்து 144 நாட்கள் கழித்துக் கடலூர் மண் குருதியில் நனைந்தது. செய்தி வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். பீரங்கிகள் ஓய்ந்தன; மாண்டவர் மீளவில்லை.

செப்டம்பர் 3-இல் இறுதி உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அமெரிக்கா பெற்றது விடுதலை. கடலூர் பெற்றதோ கைமாற்றம்! புதுச்சேரி அவர்களுக்கு, கடலூர் இவர்களுக்கு என்று பங்கிட்டுக்கொண்டனர். போரில் பிரெஞ்சாரின் துணைவராக நின்ற திப்புவைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு, 1786-இல் நம்மை ஆள கவர்னர் ஜெனரலாக வந்திறங்கினார். அங்கே தோற்றவருக்கு இங்கே அரியாசனம்!

“கப்பல் வர மாதக்கணக்கானது, காற்றின் குற்றமன்றோ?” என்று வாதிடுவர் சிலர். காற்றின் மீது பழி போடுவோருக்கு ஒரு கேள்வி: 1939-இல் காற்றா குறுக்கே நின்றது? தந்தி இருந்தது, வானொலி இருந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாணச் சட்டமன்றங்கள் இருந்தன. இருந்தும் அதே செப்டம்பர் 3-ஆம் நாள், இந்திய மக்களின் பிரதிநிதிகள் எவரையும் கேளாமல், இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார் வைசிராய் லின்லித்கோ. தந்தி வந்துவிட்டது, கேட்கும் வழக்கம் வரவில்லை! குற்றம் காற்றில் இல்லை. நம் வாழ்வையும் சாவையும் முடிவு செய்யும் உரிமை பிறர் கையில் இருந்ததே, அதுதான் குற்றம்.

புஸ்ஸியின் பெயரால் புதுச்சேரியில் இன்றும் வீதி உண்டு. கெடிலக் கரையில் மாண்ட சிப்பாய்க்கு எந்த வீதி? அவன் பெயரை எந்தப் பாடநூல் சொல்கிறது?

ஆகவே, போரும் உடன்படிக்கையும் பெரிய இடத்து விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். படியுங்கள், படிப்பகங்களில் விவாதியுங்கள், ஆள்வோரைக் கேள்வி கேளுங்கள். “உலகச் சண்டை நமக்கெதற்கு?” என்பவரைக் கடலூர் முதுநகருக்கு அழைத்துச் செல்லுங்கள். நாம் பேசாதிருந்தால் நமக்காகப் பிறர் கையெழுத்திடுவர். விலையை மட்டும் நாம் கொடுப்போம்!