நடப்பவர் அயலார் அல்லர்

மன்றத் தோழர்களே! படிப்புக்கும் பிழைப்புக்குமாக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் வாய்மூடி இருப்பதே வாழும் வழி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அதைப் பணிவு என்றே நானும் எண்ணியிருந்தேன். வைட்ஃபீல்டின் ஒரு தெருமுனை அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

வைட்ஃபீல்டை அடுத்த காடுகோடியில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் தெருக்காரர் சிலர், முனையில் வேகத்தடையும், சாலையைக் கடக்க வெள்ளைக் கோடுகளும் வேண்டுமென்று கன்னடத்தில் மனு எழுதி, வீடு வீடாகக் கையொப்பம் வாங்கினர். "நமக்கெதுக்குப்பா ஊர் வம்பு?" என்றார் மாமா. "நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் சென்றது. அதே முனையில், கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் மீது கார் ஒன்று மோதியது. கால் முறிந்து கிடந்தவர், "தம்பி, கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்றார். தருமபுரிப் பக்கத்துத் தமிழ்! என் ஒரு கையொப்பம் அந்தக் காரை நிறுத்தியிராது, அறிவேன். ஆயினும் அத்தாளில் என் பெயர் இல்லாதது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

வைட்ஃபீல்டில் அயலார் என்று யாரைச் சொல்வது? 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், ஆங்கிலோ-இந்தியர் குடியேறி உண்டாக்கிய ஊர் அது. 1990-களில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா தோன்றியபின் எத்திசை மக்களும் வந்து நிறைந்தனர். அவர்களிற் பலர் கூடி 2013-இல் 'வைட்ஃபீல்ட் ரைசிங்' என்னும் அமைப்பைக் கண்டனர். குப்பையை அகற்றினர், சாலைக்காக அதிகாரிகளின் கதவைத் தட்டினர். 2015 நவம்பரில் பாழ்பட்ட சாலைகளுக்கு எதிராகத் தெருவில் கைகோத்து நின்றனர். சொந்த ஊர் எதுவென்று பார்த்தா அக்கைகள் இணைந்தன?

"மெட்ரோ வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?" என்பார் உண்டு. 2023-இல் மெட்ரோ வந்தது, மகிழ்ச்சியே. ஆனால் வண்டியை விட்டு இறங்கியவர் வீடு சேர நடக்கத்தானே வேண்டும்? நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டரேனும் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறி. எங்கள் தெருவில் நாடா பிடித்து அளந்தேன். மின்மாற்றியும் கடைப் பலகையும் போக, ஓரிடத்தில் எஞ்சியது 40 செண்டிமீட்டர்!

"நடப்பவர் பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்பாரும் உண்டு. நடக்கட்டும். ஆயினும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தை உணரும் ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவதோ அந்த ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். பதினான்கு மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், முதற்கார் நின்றிருக்கும். இரண்டாவது வேகம் குறையாமலே மோதும். குழந்தை ஒன்றுதான், வேறுபட்டது வேகம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்ட நடையர் 32,825 பேர். அத்தனை பேரும் பார்க்காமல் நடந்தவர்களா?

கோவை எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைச் சாவுகளைத் தடுக்க வேண்டி 2012-இல் உச்சநீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கிலே, 2025 மே மாதத்தில், நடைபாதை பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிருரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். அந்தப் பிரிவு எவரிடமும் வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. தாய்மொழி எதுவென்றும் கேட்பதில்லை. தெருவில் நடப்பவன் எவனோ, அவனுக்கு அத்தெருவில் உரிமை உண்டு. உரிமை உண்டெனில் கடமையும் உண்டன்றோ?

சென்ற மாதம் எங்கள் தெருக்காரர் அம்மனுவை மறுபடி எழுதினர். அளவுகளை நான் குறித்துக் கொடுத்தேன். கன்னடம் தட்டுத் தடுமாறியே வருகிறது. ஆயினும் தாளை ஏந்தி வீடு வீடாகச் சென்றேன். முதற் கையொப்பம் மாமாவுடையது! வேகத்தடை இன்னும் வரவில்லை. கேட்பதை நாங்கள் நிறுத்தவுமில்லை.

தோழர்களே! உங்கள் அறை இருக்கும் தெருவிலும் இத்தகைய முனை ஒன்று இருக்கும். கதவைத் தட்டி வருபவரிடம் "நான் வெளியூர்" என்று சொல்லாதீர்கள். ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு அவருடன் இறங்கி நடங்கள்.