இடையன்குடியில் இருவர்

கால்டுவெல் என்றதும் 1856-ல் வந்த ஒப்பிலக்கணம்தான் நினைவுக்கு வரும். அவர் மனைவி எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். 1822-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். கால்டுவெல் கப்பலேறி வந்து கற்ற தமிழ், இவருக்குப் பிறந்த ஊர்ப் பேச்சு. 1844-ல் கல்யாணம் முடிந்து குடித்தனம் போனது திருநெல்வேலிச் சீமை இடையன்குடிக்கு. செம்மணல் தேரி, பனைமரம், பனையேறும் குடும்பங்கள். வெயிலைச் சொல்லவே வேண்டாம்!

எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தினார். லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் கையிலும் நாலு காசு புழங்கியது. (அம்மா மார்த்தா நாகர்கோவிலில் முன்பே செய்து காட்டிய வழிதான்.)

இளம் ஜோடியாக வந்தவர்கள் அங்கேயே மூப்படைந்தார்கள். 1847-ல் தொடங்கிய ஆலயம் 1880-ல்தான் திறக்கப்பட்டது. அப்போது கால்டுவெலுக்கு வயது 66.

பிறகு சில காலம் தூத்துக்குடி. 1891-ல் கொடைக்கானலில் அவர் இறந்தபோது, உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலைசாவையும் அங்கேதான்.

இருவரும் வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். பெயர் மட்டும், 'கால்டுவெல் நினைவு இல்லம்'.