தடிக்கணக்கும் பலகைக்கணக்கும்

போன வாரம் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். மியான்மரிலிருந்து வெளிநாடு போன மரத்தடிகளின் அளவு, வருஷவாரியாக. 2014-க்குப் பிறகு கோடு செங்குத்தாக இறங்கித் தரையைத் தொடுகிறது. "காடு பொழச்சிருச்சு தாத்தா" என்று கீழே ஒரு வரி. தூத்துக்குடியில் மர இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2014 ஏப்ரல் 1 முதல் தடியாக ஏற்றுமதி செய்ய மியான்மர் தடை போட்டது உண்மைதான். அறுத்த மரத்துக்குத் தடை இல்லையே! அங்கேயே அறுத்து அனுப்பினால் அது வேறு தலைப்பில் பதிவாகும். ஒரு கன மீட்டர் பலகைக்கு ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் தடி வேண்டும். மீதி மரத்தூளும் சேதாரமும். பலகையைத் திரும்பவும் தடிக்கணக்குக்கு மாற்றிக் கூட்டாமல் காடு பிழைத்தது என்று எப்படிச் சொல்வது? இந்தோனேஷியாவும் 1985-இல் தடி ஏற்றுமதியை நிறுத்தியது. தடியை மட்டும் பார்த்தால் அங்கே வெட்டே நின்றுவிட்டதாகத் தோன்றும். அந்த நாடு ப்ளைவுட் ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

பழைய வருஷங்களோடு ஒப்பிடுவதென்றால் அளவையிலேயே வம்பு இருக்கிறது. பர்மா தேக்கை ஹாப்பஸ் முறையில் அளப்பார்கள். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். ஆறடிச் சுற்றளவும் இருபதடி நீளமும் உள்ள தடி இந்தக் கணக்கில் 45 அடி. உருளை என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதே தடி 57 கன அடிக்கு மேல் வரும். 50 ஹாப்பஸ் அடி ஒரு ஹாப்பஸ் டன். அது சுமார் 1.8 கன மீட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த 50-ஐச் சாதாரணக் கன அடி என்று நினைத்து, டன்னுக்கு 1.4 கன மீட்டர் என்று போட்டுவிட்டேன். மலேசிய மரம் கன மீட்டரில் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "பர்மா சரக்கு குறைஞ்சிருச்சு சார்" என்று முதலாளியிடம் நீட்டினேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் சரி செய்தாலும் விற்றவர் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பேன். லண்டனில் உள்ள என்விரான்மென்டல் இன்வெஸ்டிகேஷன் ஏஜென்சி 2014-இல் ஒரு காரியம் செய்தது. 2000 முதல் 2013 வரை மியான்மர் அனுப்பியதாகச் சொன்ன தடியையும், மற்ற நாடுகள் அங்கிருந்து வந்ததாகப் பதிந்த தடியையும் ஒப்பிட்டது. அனுப்பியது சுமார் 65 லட்சம் கன மீட்டர். வந்தது சுமார் 2 கோடியே 28 லட்சம். பாக்கி மரம் கடலில் முளைத்ததா? எல்லை தாண்டி யுன்னானுக்குப் போன லாரிகள் ரங்கூன் துறைமுகக் கணக்கில் எப்படி ஏறும்?

பேரனிடம் இரண்டு கணக்கு கேட்டிருக்கிறேன்: 2014-க்குப் பிறகு மியான்மர் அனுப்பிய அறுத்த மரம், அங்கிருந்து வாங்கியதாக இந்தியாவும் சீனாவும் பதிந்த அளவு. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கணக்கு இன்னும் வரவில்லை.