பதினாறு பேர் போதாதாம்!

லண்டன் மேயரின் ஆண்டு பட்ஜெட் 2,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. போலீஸ், பஸ், சுரங்க ரயில், தீயணைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். இதைக் கேள்வி கேட்க 25 பேர் கொண்ட லண்டன் அசெம்பிளி இருக்கிறது. மேயருக்கு ஓட்டுப் போடும் அதே மக்கள், அதே நாளில்தான் இவர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி கேட்பதில் இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கமிட்டி போட்டு, மேயரை எதிரே உட்காரவைத்துக் குடைந்தெடுக்கிறார்கள். முதல் வரைவைச் சாதாரணப் பெரும்பான்மையாலேயே திருத்தவும் செய்யலாம். ஆனால் மேயர் அந்தத் திருத்தத்தை ஓரம்கட்டிவிட்டு இறுதி வரைவோடு வரலாம். காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும். அந்த இறுதி வரைவைத் திருத்தத்தான் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்!

25 பேரும் ஓட்டுப் போட்டால் 17 தேவை. 9 பேர் மேயர் பக்கம் நின்றால் அவரை அசைக்க முடியாது. 2012 தேர்தலில் போரிஸ் ஜான்சனின் கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்தது சரியாக 9 இடம். லேபர், பசுமைக் கட்சி, லிபரல் டெமாக்ரட் மூன்றும் கைகோத்தாலும் 16தான். நூற்றுக்கு 64 பேர் வேண்டாம் என்றாலும் பட்ஜெட் பாஸ்!

மேயருக்கு அந்த 9 இல்லாவிட்டால் கதையே வேறு. 2004 தேர்தலுக்குப் பிறகு கென் லிவிங்ஸ்டனின் லேபர் கட்சியிடம் 7 பேர்தான். பசுமைக் கட்சியின் 2 ஓட்டு தேவைப்பட்டது. அவர்கள் சும்மா கொடுப்பார்களா? தங்கள் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கவைத்த பிறகே கை தூக்கினார்கள். 16 பேரால் முடியாததை 2 பேர் சாதித்தார்கள் என்பதுதான் கூத்து.

கம்பெனி சட்டம் படிப்பவர்களுக்கு ஒன்று தோன்றும். கம்பெனியின் விதிகளையே மாற்றத்தான் சிறப்புத் தீர்மானம், முக்கால் பங்கு ஓட்டு எல்லாம். வருடா வருடம் வரும் கணக்குக்குச் சாதாரணத் தீர்மானம் போதும். லண்டனில் வருடாந்திரக் கணக்குக்கே பெரிய பூட்டைப் போட்டிருக்கிறார்கள்.

"ஊரே தேர்ந்தெடுத்த மேயரை இவர்கள் முடக்கிவிட்டால்?" என்பீர்கள். நியாயமான பயம்தான். அப்படியானால் மொத்தத் தொகையை மேயரே முடிவு செய்யட்டும். அதற்குள் ஒரு துறையிலிருந்து எடுத்து இன்னொரு துறைக்குக் கொடுப்பதற்காவது 13 ஓட்டு போதும் என்று சட்டத்தை மாற்றலாமே?