பார்த்தால் ஒன்று, சட்டத்தில் வேறு!

குன்னூரில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரெயில், வழியில் அருவங்காட்டில் நிற்கும். அங்கே 1903-ம் ஆண்டு தொடங்கப்பட்ட வெடிமருந்து தொழிற்சாலை இருக்கிறது. "கார்டைட்" என்ற புகையில்லாத மருந்தைச் செய்வதற்காக ஏற்பட்டது அது. பட்டாளத்தாரின் 303 ரைபிள் தோட்டாக்களில் நெடுங்காலம் அடைக்கப்பட்டது கார்டைட்தான்.

அந்த 303 ரைபிளுக்கு ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் 315.

அண்ணன், தம்பி இருவருமே லீ-என்பீல்டு என்ற வெள்ளைக்காரர் கால வடிவத்தில் வந்தவர்கள். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் இருவருமே உருவானார்கள். கைப்பிடியைப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, தோட்டாவை ஏற்றும் முறையும் ஒன்றே. 303-ல் பத்து தோட்டா போடலாம். 315-ல் ஐந்து. குழலின் துவாரம் 303-க்கு ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர், 315-க்கு 8 மில்லிமீட்டர்.

வித்தியாசம் ஒரு நெல் முனை அளவுகூட இல்லை. ஆனால் சட்டத்தின் முன்னே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

315 ரைபிளுக்குத் தகுந்த காரணம் காட்டினால் கலெக்டரிடம் லைசென்சு கேட்கலாம். 303 அப்படி அல்ல. அது தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். லைசென்சு இல்லாமல் சாதாரண ரகத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இப்படி உயர்ந்திருக்கிறது.

இது நியாயமா?

"இரண்டும் ஆளைக் கொல்லும். பிறகு ஏன் இந்தப் பாகுபாடு?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் கொல்லும் சக்தியை மட்டும் பார்ப்பதில்லை. தோட்டாவையும் பார்க்கிறது.

தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. பட்டாளத்தின் தோட்டாவே ஊர்க்காரர் துப்பாக்கியிலும் பொருந்துமானால் என்ன ஆகும்? கிடங்கில் இருந்து திருடப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே வாங்க ஆள் இருக்கும். பொருந்தாவிட்டால், திருடினாலும் பயன் இல்லை. இதுதான் உள்ளே இருக்கும் சூட்சுமம்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1907-ம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்கார அரசாங்கம் 450 என்ற அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. கலகக்காரர் கையில் இருந்த பழைய பட்டாளத் துப்பாக்கிகளுக்கு அந்தத் தோட்டாவின் குண்டு உதவிவிடும் என்ற பயமே காரணம். உடனே இங்கிலாந்து கம்பெனிகள் 470, 465 என்று புது அளவுகளை உண்டாக்கின. 315-ம் அதே எண்ணத்தில் வந்ததுதான்.

எஃகிலும் வித்தியாசம்

சட்டத்தை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பார்த்தாலும் இதே கதைதான். 1962 சீனச் சண்டைக்குப் பிறகு, இச்சாப்பூரில் 7.62 மில்லிமீட்டர் தோட்டா போடும் ரைபிள் செய்தார்கள். பார்வைக்கு அது பழைய 303 மாதிரியே இருக்கும். ஆனால் புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். ஆகவே அதைத் தாங்கும்படி இன்னும் உறுதியான எஃகைப் பயன்படுத்தினார்கள். வெளியே ஒரே ஜாடை. உள்ளே வேறு உரம்!

நல்ல தொழிற்சாலையில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். திருட்டுத்தனமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தச் சோதனை ஏது? கிடைத்த குழாயே குழல். மருந்தும் கை அளவுதான். பன்றிக்கு வைத்த குறி, சுடுகிறவன் கையையும் கண்ணையும் கொண்டு போய்விடலாம்.

பயிரைக் காக்க, வாய் வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நேர்வழி இருக்கும்போது குறுக்குவழி எதற்கு? ஆனால் ஒன்று: துப்பாக்கி லைசென்சு, வேட்டை லைசென்சு அல்ல. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தால் வனத்துறைக்குச் சொல்வதே முறை.

தாத்தாவின் துப்பாக்கி

நீலகிரி ஒரு காலத்தில் வேட்டைக்குப் பேர்போன இடம். சுட்டுச் சுட்டு விலங்குகள் குறைந்ததால், 1879-ம் ஆண்டிலேயே இங்கே வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கி ஏதாவது ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில், பரண் மேல் கிடக்கலாம். தாத்தா போய்விட்டார். லைசென்சு அவர் பெயரில்தான் இருந்தது. "சும்மாதானே கிடக்கிறது" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து!

லைசென்சுக்காரர் இறந்தால், அந்தத் துப்பாக்கியைப் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வேண்டுமானால் தன் பெயரில் லைசென்சு கேட்டு மனுப் போடலாம். ஞாபகார்த்தம் என்று பூட்டி வைத்தால், அந்த ஞாபகம் கோர்ட்டு வரை இழுத்துப் போகும்.

எந்தத் துப்பாக்கியைக் கண்டாலும் அதன் அழகைப் பார்த்து ஏமாறக்கூடாது. அதில் எந்தத் தோட்டா போகும்? அதைச் செய்தது யார்? அதற்குச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாத துப்பாக்கி, பிள்ளை குட்டிகள் விளையாடும் வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது.